மந்திரி திறக்காத குழாய்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்று உப்பளத்துக்குப் போனவன். ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி காலம். ஆலந்தலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய எங்கள் ஊரில் கிணறெல்லாம் உப்பு. பெண்கள் தேரிச் செம்மணல் மேட்டில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடம் நிரப்புவார்கள். என்னை வளர்த்த மாமா அப்போது ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். சென்னைவரை அலைந்து ஊருக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மந்திரி வந்து திறப்பதாக ஏற்பாடு.

குழாய்வரை தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் தொடவில்லை. புது வள்ளத்தைச் சாமியார் மந்திரிக்காமல் கடலில் தள்ளாத ஊர் அது. குழாய்க்கும் அதே சட்டம்தான்.

சனிக்கிழமையே பந்தோபஸ்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மாமாவைக் கண்டபோதெல்லாம் சல்யூட் அடித்தார்கள். மாமி சீலா மீன் பொரித்துப் போட்டார். “இப்படிச் சோறு கெடைக்கும்னா மந்திரி தெனமும் வரட்டும் அண்ணாச்சி” என்றார் மூத்தவர். மாமி சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு வைத்தார்.

விளக்கு வைத்த பிறகு ரேடியோவில், டெல்லிக்காரர்கள் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். குருவிக்கூட்டைக் கலைப்பதுதான் எனக்குத் தெரியும். மாமா செய்தி முடிந்தும் ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

காலையில் அதே இருவர் வந்தார்கள். சல்யூட் இல்லை. மாமி பழக்கத்தில் காப்பி கொடுத்தார், நின்றபடியே குடித்தார்கள். மூத்தவர் தரையைப் பார்த்தபடி, “சட்டையப் போட்டுட்டு வாங்க அண்ணாச்சி, டேசனுக்குப் போவணும்” என்றார். நேற்று எங்கள் வீட்டு மீனைப் பிய்த்துத் தின்ற கை, மாமாவின் முழங்கையைப் பிடித்திருந்தது.

“மந்திரிதான் வரல. நானே குழாயத் தொறந்து விட்டுட்டு வந்துருதேன். பொம்பளையாளுவ குடத்தோட நிக்காவ” என்றார் மாமா.

“யாரு உத்தரவுல தொறப்பிய? இப்பதான் கவர்மென்டே இல்லியே” என்றார் மூத்தவர்.

கவர்மென்ட் இல்லையென்றால் இவரை அனுப்பியது யார்? குழாயைத் தாண்டித்தான் மாமாவைக் கூட்டிப் போனார்கள். காத்து நின்ற பெண்கள் குழாயைத் தொடாமலே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தேரிக்கு நடந்தார்கள்.

சில வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்து திறந்தார். திறப்புவிழாக் கல்லில் மந்திரி பெயர் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தது. அதே மூத்த போலீஸ்காரர் அதிகாரிக்குச் சல்யூட் அடித்தார். ஊரே குடித்தது. நானும் வயிறு முட்டக் குடித்தேன்.

மாமா இன்னும் ஜெயிலில்தான் இருந்தார். மாமி மட்டும் குடத்தோடு தேரிக்குக் கிளம்பினார்.

“குழாய் வாசல்லதான இருக்கு மாமி?”

“ஏலே, ஊத்துத் தண்ணிதாம்ல இனிப்பு.”

அவர் சுமந்து வந்த குடத்தில் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர்தான் இனிப்பு. பாவம், மாமிக்கு நாக்கு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2012 நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.