வெயிலில் ஒரு மெத்தை

எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவளைக் கஞ்சியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துணிக்குப் போடும் கஞ்சியைவிட அவள் பேச்சில் விறைப்பு அதிகம். கட்டியவன் ஓடிப்போனதற்கும் அந்த நாக்கையே காரணம் சொன்னார்கள். அவன் குடித்த குடியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

போர் வந்தது. நகரத்தின்மேல் குண்டு விழத் தொடங்கியதும், அங்கிருந்த பிள்ளைகளை ரயிலேற்றி எங்களூர் போன்ற சிற்றூர்களுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கொரு பிள்ளை. கஞ்சியக்கா வீட்டுக்கு ஆறு வயதுச் சிறுமி வந்தாள். பகலில் வாயே திறக்கமாட்டாள். இரவில் படுக்கையை நனைத்துவிடுவாள்.

வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதே கதைதான். வளர்ப்பு சரியில்லை என்றார்கள் சிலர். சாபம் என்றார்கள் சிலர். பக்கத்து வீடு இடிந்து விழுவதைப் பார்த்த குழந்தைக்கு உடம்பு நடுங்காதா என்று ஒருவரும் கேட்கவில்லை. போரைத் தொடங்கியவர்கள் நன்றாகத்தான் தூங்கினார்கள். பிள்ளைகளைக் கவனிக்க அமைத்த ஊர்க்குழுவோ ஒரு விதி போட்டது: படுக்கையை நனைக்கும் பிள்ளை நகரத்துக்கே திரும்ப வேண்டும். அதாவது, குண்டுக்கு அடியில்.

குழுத் தலைவர் மாவு மில் முதலாளி. ஒருநாள் காலை சலவைக்கடைக்கு வந்தார். அங்கே கொடியில் விரிப்பு தொங்குவது அதிசயமில்லை. ஆனால் வாசலில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. சிறுமி அக்காவின் பின்னால் ஒளிந்தாள்.

“இது யார் பண்ண வேலை?”

“நான்தான்.”

“நீயா?”

“ஆமாண்ணே. விமானச் சத்தம் கேட்டாலே அடக்க முடியல. எந்த ரயில்ல என்னை ஏத்தப்போறீங்க?”

“விளையாடாத. அந்தப் புள்ளையக் கேட்டா தெரிஞ்சுடும்.”

“கேளுங்க. உங்க வீட்டு அழுக்கும் வாராவாரம் இங்கதான் வருது. அதுல என்னென்ன கறை இருக்குன்னு என்னையும் கேளுங்க. தெருவே கேக்கட்டும்.”

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் சிவந்து, வந்த வழியே நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே கறிக்கடைக்காரர் மனைவி ஒரு மூட்டையோடு வந்து நின்றாள்.

“அக்கா… எங்க வீட்டுலயும்… எங்க வீட்டுக்காரர் நனைச்சுட்டாரு.”

“அவருமா! அந்த உடம்பை வச்சுக்கிட்டா? சரி, உள்ள வை.”

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் மூட்டையோடு தயங்கி நின்றார்கள்.

விதியை யாரும் நீக்கவில்லை, அதைப் போட்டவர்கள் வெட்கப்படவும் இல்லை. ஆனால் எங்களூரிலிருந்து ஒரு பிள்ளையும் ரயிலேறவில்லை. பெரியவர்கள்தான், ஊரறிய, படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.