சத்தம் போடாத வீடு

ஜெபசுதாவுக்குத் தூத்துக்குடியில் கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் ஆபீஸில் வேலை. பிறந்தது நாசரேத்தில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். அந்த வீட்டில் சாவுக்குக்கூட யாரும் வாய்விட்டு அழமாட்டார்கள். "நம்பிக்கை இல்லாதவங்கதான் மாரடிப்பாங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லி, அழுகை வந்தால் கைக்குட்டையைத் தேடுகிற பழக்கம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

அடுத்த வீட்டு இசக்கிச்செல்வி உடன்குடிப் பக்கத்துக்காரி, மாவு மில் நடத்துகிறவள். அவள் சிரித்தாலும் அழுதாலும் தெருவுக்கே கேட்கும். போன வருஷம் அவள் தம்பி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஜெபசுதா தன் வீட்டு அடுப்பில் காபி போட்டுப் போட்டுக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தாள். கட்டிப்பிடித்து அழுத பெண்களுக்கு நடுவே புகுந்து, "அழாதக்கா, அழாத" என்று இசக்கிச்செல்வியின் தோளைத் தட்டினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இசக்கிச்செல்வி கேட்டாள். "ஏளா சுதா, நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. எந்தம்பி உனக்கு யாரோவா?"

அந்தக் காபியெல்லாம் யாரோ ஒருத்தருக்காகவா போட்டது? ஜெபசுதாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, தனக்கு நிஜமாகவே கல்நெஞ்சுதானோ என்ற பயமும் வந்தது. இருவரும் பேசிக்கொண்டார்கள், பழைய ஒட்டுதல்தான் இல்லை.

இந்த ஆவணியில் நாசரேத்தில் அம்மா இறந்தாள். சவப்பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். இசக்கிச்செல்வி வந்தாள். ஓர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமே இல்லை.

ஜெபசுதாவுக்குப் பொறுக்கவில்லை. இவளாவது அழுவாள் என்றுதான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பழி வாங்குகிறாளா? பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ஏன்க்கா இப்படி உக்காந்திருக்க? எங்கம்மா உனக்கு யாரோவா?"

இசக்கிச்செல்வி திகைத்துப்போனாள். "உங்க வீட்டுல சத்தம் போட்டா உனக்குச் சங்கடமாயிருமேன்னு அடக்கிட்டு இருக்கேன், ஏளா. பஸ்ஸுலயே அழுதுட்டுத்தான் வாரேன்."

ஜெபசுதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அழு, அக்கா. இங்கன யாருமே அழல."

இசக்கிச்செல்வி முந்தானையை எடுத்தாள். "எம்மா..." என்று வீடு அதிர ஒரு குரல் எழுந்தது. பாட்டு நின்றது. ஜெபம் செய்ய வந்திருந்த சபை ஐயர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தன்னை ஏன் பார்க்கிறார்கள் என்று ஜெபசுதா விழித்தாள். இசக்கிச்செல்வி இன்னும் வாயே திறக்கவில்லை.