வேன் முதலில் போன வீடு

நான் கோபக்காரி. வயிற்றில் பிள்ளை வந்ததும் அது இரண்டு மடங்கானது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். பிள்ளை மேல் பழி போடக் கூடாது. என்னை அப்படி ஆட்டிவைத்தது அந்த இணைப்பு வேலை.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். தோட்டத்துக் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வேன் ஓடியது. அதன் கம்ப்யூட்டர் வேலை ஹட்டனில் எங்கள் சின்ன ஆபீசில் நடந்தது. வலி வந்தவள் தன் போனிலிருந்து ஒரு மெசேஜ் தட்டினால் போதும். அது வெளிநாட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டருக்குப் போய் ஓர் எச்சரிக்கையாக மாறும். அந்த எச்சரிக்கை வந்ததும் அவள் பெயரில் டிக்கெட் என்கிற வேலைச்சீட்டு ஒன்று தானாகத் திறந்து, பதிவில் உள்ள முகவரியோடு டிரைவரின் போனுக்குப் போக வேண்டும். இரண்டையும் இணைப்பதுதான் என் வேலை. ஒரு நாள் இணையும், மறுநாள் முறுக்கிக்கொள்ளும்.

"டிக்கெட்டா? எந்த ஸ்டேசன்ல எறங்கணுமாம்?" என்று அம்மா கேலி செய்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் ஆபீஸ் பெரியவருக்கோ என் வயிற்றைப் பார்த்தாலே பயம். "பிள்ளை, நீர் இனி லீவு எடும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பார். நான் கேட்டால்தானே! இணைப்பு ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் லயம். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். அவருக்கு ஹட்டனுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை ஃபெக்டரி வேலை.

"வலி வந்தா டிரைவருக்கு மெசேஜ் போவுது. எனக்கு யாரு சொல்லுவா?"

"நீங்க வந்து என்னா செய்யப்போறீங்க? வெந்நி வைக்கப்போறீங்களா?" என்றேன். பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

ஒரு மத்தியானம் வலி வந்தது. நான் கட்டிய இணைப்புக்கு நானே மெசேஜ் அனுப்பினேன். டிரைவர் புறப்பட்டதாகப் பதில் வந்தபோது, வலியோடு வலியாகக் கொஞ்சம் பெருமையும் வந்தது. பிறகு இன்னொரு பதில்: வேன் வந்து சேர்ந்துவிட்டது.

அம்மா வாசலுக்கு ஓடினாள். "வந்துருச்சுங்குது, எங்கடி வந்துருச்சு? ஒரு நாயக்கூட காணோமே!"

அப்போதுதான் உறைத்தது. என் பதிவில் இருந்தது புருஷன் வீட்டு முகவரி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எனக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும், மலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். டிக்கெட்டுக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை.

டிரைவருக்கு போன் போட்டேன், சிக்னல் இல்லை. வலி நெருங்கி நெருங்கி வந்தது. என் பிள்ளை இந்த லயத்து அறையிலேயே, இந்தக் காம்பராவிலேயே, உதவிக்கு ஆளில்லாமல் பிறந்து ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அம்மா என் முதுகைத் தேய்த்துக்கொண்டே முருகனைத் திட்டினாள். அவள் கும்பிடுவதே அப்படித்தான்.

ஒரு வழியாக ஹோர்ன் சத்தம். வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தது என் வீட்டுக்காரர்! தலை, புருவமெல்லாம் தேயிலைத் தூள், காலில் செருப்பில்லை.

"ஒங்க மாமியாதான், 'அவ ஆத்தா வூட்லல்ல இருக்கா'ன்னு கத்துனாங்க. வழி காட்ட இவர ஃபெக்டரியில இருந்து அள்ளிப்போட்டுட்டு வந்தேன்" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரி போகும்வரை வீட்டுக்காரர் என் கையை விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வாயில் வந்த திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீ பொறந்தப்ப ஒங்கப்பா கொழும்புல. சேதி போயி அவரு வந்து சேர அடுத்த வாரமாச்சு" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னதேயில்லை.

அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள், குறையில்லாமல்.

மறுபடி ஆபீஸ் போனதும், 'இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள்?' என்று கர்ப்பிணிகளிடம் மாதாமாதம் கேட்டு முகவரியை மாற்றும்படி செய்தேன். பெரியவர் தலையாட்டினார். "இனிப் பிழைக்காது" என்றார்; இனித் தப்பு வராது என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதோடு, அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். டிக்கெட் திறந்ததும் புருஷனுக்கும் ஒரு மெசேஜ் போகும்.

அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னேன். வீட்டுக்காரர் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே எவனும் வழி தவறி வந்த வேன்ல ஏறித்தான் பொண்டாட்டிகிட்ட போகணும்னு இல்ல" என்றார்.

கோபக்காரிதான் நான். ஆனால் அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.