முப்பத்தொரு அங்குலத்தில் ஒரு ரயில்

கத்தரி வளைந்து போகிறது. பழைய நாளிதழில் போட்ட சாக்பீஸ் கோட்டின் மேலேயே, இம்மியும் விலகாமல் ஊர்கிறது. வெட்டிய துண்டை இடது கை வாங்கி, விரித்திருக்கும் பெட்ஷீட்டில் வைத்துக் குண்டூசி குத்துகிறது. தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். வளைவு எட்டு, நேர் எட்டு.

நீலகண்டன் குனிந்து பார்த்தார். "நாலாவது பிளாட்பாரம் எங்கே?"

"எடுத்துட்டேன், சார்."

"மூணாவது?"

"அதுவும்தான். ரெண்டாவதும்."

"ஆலுவாப் பாலமாவது இருக்கட்டுமே!"

"ஒரு மீட்டர் துணியில மூணு பாவாடை கேட்டா நான் எங்க சார் போவேன்?"

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசி மண்டிகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தையல் கடை பொன்மணியுடையது. கல்யாணமாகி சங்கரன்கோவில் பக்கமிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருடம். வெட்டுவதை யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாகப் பொருந்திய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கடையே ஆறடிக்கு ஐந்தடி. கிடைக்கிற இடத்தில் எதையும் அடக்கிவிடுவாள் என்று பேர்.

நீலகண்டன் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ரோஹன் புனேயிலிருந்து அனுப்பிய பொம்மை ரயில் ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் ஓடுகிறது. அவரும் மனைவி கங்காவும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் கங்கா கெடு வைத்தாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ளே ஒத்தைக் கட்டிலுக்கு அடியிலே போணும். இல்லேன்னா வண்டி பார்சல்லே புனேக்குத் திரும்பிப் போகும்."

கட்டில் கால்களுக்கு இடையே முப்பத்தொரு அங்குலம். தண்டவாளத்தைப் பதிக்கும் பலகை முப்பதரை இருக்கட்டும் என்று பொன்மணி முடிவு செய்தாள். ஒரு ரயில் பெட்டியை வளைவில் உருட்டி, அதன் மூலை போகிற வழியெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்தாள். மூலை தண்டவாளத்தைத் தாண்டி வெளியே தள்ளியது. "கை மடங்குற எடத்துல துணி விடணும், சார். இல்லேன்னா கக்கத்துல கிழியும்." அந்தக் கோட்டுக்கு வெளியேதான் பலகையின் ஓரம் வந்தது.

அவள் வெட்டிக் கொடுத்த காகிதத்தை வைத்தே மரக்கடைக்காரர் பிளைவுட்டை அறுத்தார். தண்டவாளத்தை நீலகண்டன் வீட்டில் வைத்து இருவருமாக ஆணியடித்தார்கள். ஞாயிறு காலையில் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால், கால்களில் இடித்து நின்றது.

பொன்மணி டேப்பை வைத்து அளந்தாள். முப்பத்தொன்றரை. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை பழக்கத்தில், பலகைக்கும் இரு பக்கமும் தையலுக்கு அரை அரை அங்குலம் விட்டிருந்தாள்.

"பலகையை எந்த மிஷின்லே தைக்கப் போறே, பொன்மணி?" கங்கா அட்டைப் பெட்டியோடு தயாராக நின்றாள்.

"விட்டதை எடுத்துரலாம், மாமி. அங்க ஒண்ணும் கிடையாது."

ஆனால் இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாட்பாரம், பெஞ்சோடும் விளக்குக் கம்பத்தோடும், பசை போட்டு ஒட்டியிருந்தது. பொன்மணி திரும்பிப் பார்த்தாள். நீலகண்டன் கண்ணாடியைத் துடைத்தார்.

"நேத்து நீ போனப்புறம்... சும்மாதானே கெடந்தது எடம்?"

சாக்பீஸ் கோடு பிளாட்பாரத்தின் நடுவே போனது.

"பாதியாவது இருக்கட்டுமே?"

"பயணிங்க எல்லாரும் ஒத்தக் காலுல நிக்கவா, சார்?"

அவர் கங்காவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். ரயிலைப் பார்த்தார். பிறகு தானே கத்தியால் பிளாட்பாரத்தைப் பெயர்த்து எடுத்தார். முப்பத்திரண்டு வருடம் பச்சைக்கொடி காட்டிய கை, கேட்காமலே ஒருமுறை அசைந்தது. ரம்பம் புறப்பட்டது.

இந்த முறை பலகை உள்ளே போய், இடிக்காமல் வெளியே வந்தது. ரயில் மூன்று சுற்று ஓடியது. எந்த மூலையும் எங்கும் தட்டவில்லை.

கங்கா குனிந்து பார்த்தாள். "அடியிலே கூட்டறதுக்கு வாருகோல் போகுமோ?"

"பலகையை வெளிய இழுத்துட்டா தாராளமாப் போகும், மாமி."

"அப்போ கெடக்கட்டும், இங்கேயே." பெட்டியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொன்மணி மரத்தூளைத் தட்டிவிட்டு, அறுத்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். சிராய் இல்லை. பலகையை நீலகண்டன் பக்கம் நகர்த்தினாள்.

"பிடிங்க, சார். இனி பிளாட்பாரம் ஒட்ட எடமில்ல, பிரிச்சுவிடத் தையலும் இல்ல."