இரத்தினம்மாவின் இரண்டு வாக்குமூலங்கள்

செத்தவர்கள் திரும்பி வந்து, தாங்கள் சொன்னதை மாற்றிவிட்டுப் போவார்கள் என்றால் நம்புவீர்களா? சிரிக்க வேண்டாம். பெரியகல்லாற்றில் தனுஷியாவின் கடைக்குள் அந்த மத்தியானம் நின்றிருந்தால் உங்களுக்கும் மயிர் கூச்செறிந்திருக்கும்.

தனுஷியா கொம்பியூட்டர் திருத்துகிறவள். ஊர் அவளைப் 'பெட்டிக்காரி' என்று நக்கலடிக்கும். அவளும் 'ஓம்' என்று திரும்பிப் பார்ப்பாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பேசுவதைப் பதிந்து பாதுகாப்பதைக் கூலியில்லாமல் செய்துவந்தாள். அதற்கென்று ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டியில் இரண்டு டிஸ்க் பூட்டினாள். அரசாங்கக் கந்தோர்களுக்கு மனு அடிக்க விண்டோஸ், இரண்டாவது டிஸ்கின் ஒரு பகுதியில். பதிவுகளுக்கு லினக்ஸ், இரண்டு டிஸ்கிலும், கண்ணாடியும் பிம்பமும் போல. ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது பேசும். பெட்டியைப் போட்டதும், எதற்குள் போவது என்று கேட்கும்.

மாரியில் வாவி பெருகி வாசலுக்கு வந்தது. ஊரே நெல்மூட்டையையும் சாமிப்படத்தையும் உயரத்தில் ஏற்ற, அவள் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். வெள்ளம் வடிந்ததும் இறக்கினாள். விண்டோஸ் ஓடியது, லினக்சும் ஓடியது. இரண்டு டிஸ்கும் சுகம் என்று இருந்துவிட்டாள்.

அந்தத் தாய்மாரில் ஒருவரான இரத்தினம்மா மாரிக்கு முன்னமே ஒருமுறை வந்து பேசியிருந்தார். மகனை ஏற்றிப்போனவர்களை அடையாளம் தெரியவில்லை என்று முடித்துக்கொண்டார். பங்குனியில், நோய் முற்றிய நிலையில், மகள் அஜந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார். அன்றைக்கு ஆளைச் சொன்னார், பெயரோடு. சில நாட்களில் கண்ணை மூடினார்.

முப்பத்தோராம் நாள் கடமை முடிந்த கையோடு, சட்டத்தரணியிடம் கொடுக்க அந்தப் பதிவைக் கேட்டு அஜந்தா வந்தாள். உச்சி வெயில். வாவியில் ஒரு அலை இல்லை. தோணிகள் ஒட்டி வைத்தவை போல நின்றன. தனுஷியா பெட்டியைப் போட்டு லினக்சுக்குள் போனாள். இரத்தினம்மாவின் பெயரில் ஒரே ஒரு பதிவுதான் கிடந்தது. அமுக்கினாள்.

"இருட்டு மனே. முகம் ஒண்டும் தெரியல்ல." முதல் தரம் வந்தபோது சொன்னது; இரத்தினம்மாவுக்குத் தனுஷியாவும் 'மனே'தான்.

பங்குனிப் பதிவைத் தேடினாள். இல்லை. அழித்த தடயமும் இல்லை. அப்படி ஒரு நாளே விடியாதது போல. பெட்டிக்குள் இரத்தினம்மா இன்னும் சாகவில்லை, இன்னும் பயந்துகொண்டிருந்தார்.

அஜந்தா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். "அம்மா வந்து திருப்பி எடுத்திட்டா," என்றாள் மெதுவாக. "வேணாம் தங்கச்சி. அந்த மனிசன் இப்பவும் நம்மட ரோட்டாலதான் போறான். விட்டிடுவம்."

தனுஷியா விடவில்லை. மற்றத் தாய்மாரின் பதிவுகளைப் பார்த்தாள். மாரிக்குப் பிறகு வந்த எவருடைய குரலும் இல்லை.

"அம்மா எடுத்தாவெண்டா தன்னுடையதை எடுத்திருப்பா அக்கா. ஊர்ப் பொம்புளையள்ட எல்லாத்தையும் என்னத்துக்கு எடுக்கிறா?"

பெட்டியை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். உப்புக்காற்றில் முதல் டிஸ்கின் வயர்முனை பச்சை பூத்துக் கிடந்தது. அது விழிக்கவே இல்லை. பேசியது இரண்டாவது. வெள்ளத்துக்குத் தூக்கிய அன்றைக்கு அதன் வயர் ஆடி, லினக்சின் சோடியிலிருந்து அது விலகிவிட்டது; வயர் திரும்பப் பிடித்த பிறகும் தானாகச் சோடி சேரவில்லை. லினக்ஸ் அதை எச்சரித்தும் இருந்தது, அவள்தான் வாசிக்கவில்லை. அதே டிஸ்கில் விண்டோஸ் ஓடியதே என்ற நம்பிக்கை. அதன் பிறகு வந்த குரலெல்லாம் முதல் டிஸ்கில் மட்டும். இப்போது அவசரப்பட்டு இரண்டையும் பிழையாகச் சேர்த்தால், பழைய பயம் புதிய சொல்லின் மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு மீட்சியில்லை.

இரண்டாவதை முழுதாகக் கழற்றி அப்பால் வைத்தாள். முதலாவதற்குப் புது வயர் பூட்டிப் பெட்டியைப் போட்டாள். பங்குனிப் பதிவு இருந்தது.

"அவன்ட பேரச் சொல்றன், எழுது மனே," என்றார் இரத்தினம்மா.

அஜந்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, சட்டத்தரணியிடம் போக மட்டக்களப்பு பஸ் ஏறினாள்.

பேயுமில்லை, சாபமுமில்லை. ஆளைக் கொண்டுபோனவன் தெருவில் நிமிர்ந்து நடக்கிறான். தாய் குனிந்து நடக்கிறாள். என்னை நடுங்கவைப்பது அதுதான். உங்கள் ஊரிலும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு தாய் இருப்பார். இன்றைக்கே போய் உட்கார்ந்து, அவர் சம்மதித்தால் பதியுங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். அது பேசுகிறதா என்று அடிக்கடி போட்டுக் கேளுங்கள்.