புரட்டாசி முடிந்த வாரம்

எங்கள் வீட்டுச் செவலைப் பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்தது ஆடி மாதத்தில். எந்நேரமும் தண்ணீர்க் குடத்தடியில் உட்கார்ந்து சிந்தியதை நக்கிக்கொண்டிருந்தது. தின்றும் இளைத்தது. மகள் அடையாறில் இருக்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன், வாய் திறக்கவில்லை. காலையும் மாலையும் இரண்டிரண்டு யூனிட் இன்சுலின் என்று சொல்லி, பிடரித் தோலைத் தூக்கி ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்.

"உனக்கு மாத்திரை, அதுக்கு ஊசி. நல்ல ஜோடிதான்மா," என்றாள் மகள்.

ஊசி என் வேலை. டாக்டரிடம் பேசுவது மகள் வேலை. தெரியாதவர்களிடம் போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவோம். கருவாடுகூடக் கிடையாது. வீட்டுக்கு என்னவோ அதுதான் பூனைக்கும். தயிர் சோறு, பால் சோறு. பல வருஷப் பழக்கம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாத நடுவில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. மூன்று யூனிட் ஆக்கினார்.

மாதம் முடிந்ததும் மகள் நொச்சிக்குப்பத்தில் சங்கரா வாங்கிவந்தாள். பூனை சோற்றை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் தின்றது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. நான் அந்த மூன்று யூனிட்டையே போட்டுவந்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் பகலில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பூனை கட்டிலடியிலிருந்து தள்ளாடி வந்தது. சுவரில் முட்டிச் சரிந்தது. மகள் ஈக்காட்டுத்தாங்கலில் வேலையில் இருந்தாள். போன் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன், எடுக்கவில்லை. டாக்டர் நம்பருக்குப் பூனைப் படம் வைத்துக் கொடுத்திருந்தாள். விரல் அதுவரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. பூனையின் தாடை வெட்டி இழுத்தது. அழுத்திவிட்டேன்.

"ஹலோ, யாரு?"

"பூனை," என்றேன். வேறெதுவும் வரவில்லை.

"எந்தப் பூனைம்மா? மயிலாப்பூர் செவலையா?"

"ஆமாங்க. தள்ளாடிக்கினு வந்து விழுந்துடுச்சு."

"சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும். வீட்டுல தேனோ சர்க்கரையோ இருக்கா? சர்க்கரைன்னா கெட்டியா கரைச்சு ஈறுல தடவுங்க. வாய்ல ஊத்தாதீங்க, புரையேறிடும். தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க."

நான் எடுத்துத் தின்றுவிடுவேன் என்று பயந்து மகள் சர்க்கரை டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அது எனக்கு எப்போதோ தெரியும். கரைத்துத் தடவினேன். ஒன்றுமில்லை. மறுபடி தடவினேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு வெளியே வந்து என் விரலைத் தேடியது. துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பாலம் தாண்டும்போது லேசாக ஒரு தடவை கத்தியது.

டிரிப் ஏற்றிய பிறகு டாக்டரம்மா கேட்டார்: "இந்த வாரம் என்ன சாப்பிட்டுச்சு?"

மகள் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

"மீனுங்க. வெறும் மீனு."

"அதுக்கு முன்னாடி?"

"தயிர் சோறு. புரட்டாசி ஆச்சே."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பூனையும் விரதமா?" என்று சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். சோறு தின்னும்போது ஏறிய சர்க்கரைக்குத்தான் அந்த மூன்று யூனிட். சோறு நின்றதும் மருந்து அதிகமாகிவிட்டது. "சாப்பாடு மாறினா முதல்ல எனக்குச் சொல்லுங்க. நீங்களே போன் பண்ணுங்க."

காது ஓரத்தில் குத்தி ரத்தம் பார்க்க ஒரு மெஷின் வாங்கினோம். பார்க்காமல் ஊசி கிடையாது. மீனும் வேகவைத்த கோழியும் மட்டும் கொடுத்ததில், மூன்று ஒன்றாகி, தை மாதத்தில் ஊசியே வேண்டாம் என்றார். திரும்ப வரலாம், வாரா வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார். பூனைக்கு முதுகில் சதை பிடித்தது. மறுபடி பீரோ மேல் ஏறியது.

போன வாரம் மறுபடி புரட்டாசி பிறந்தது. மீன்சட்டியைப் பரணில் ஏற்றினேன். பின்கட்டில் பழைய ஸ்டவ்வைத் துடைத்து, பூனைக்கென்று ஒரு சின்னச் சட்டியை அதன் மேல் வைத்தேன்.

"சாமி கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள் மகள்.

"டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுவேன்."

"சொன்னாங்களா?"

"இரு, கேட்டுச் சொல்றேன்," என்று போனை எடுத்துப் பூனைப் படத்தை அழுத்தினேன்.