மாமனார் கண்ட நல்ல தண்ணி

எம்.ரெட்டியபட்டிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதிலேயே எனக்கு இந்தப் பூமி புரிந்துபோனது. மேலே கறுப்பு, தோண்டினால் வெள்ளை, அதற்கும் கீழே உப்பு. கரிசலுக்கு அடியில் சுக்கான் பாறை. அதைத் தாண்டி வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான்.

இந்தப் பூகோளம் என் மாமனாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் கொல்லைக்கு அடியில் மட்டும் கர்த்தர் ஒரு நல்ல ஊற்றை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒருநாள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீராம்.

"சபையில எதுவும் சொல்ல மாட்டாகளா மாமா?" என்று கேட்டேன்.

"உடைச்சாத்தான் பூசை. கையில வச்சுருந்தா சயின்ஸு," என்றார்.

மாட்டுத்தொழுவத்துப் பக்கம் தேங்காய் எழுந்து நின்றது. தண்ணீர் வந்த அன்றோடு கேனை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அவர் சொல்லைத் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரில் சமைக்கப்போகிறவள் நானல்லவா.

ஆழ்துளை போடும் போர் வண்டி வந்து சுக்கான் பாறையை வெள்ளை மாவாகக் கக்கியது. கொடியில் காய்ந்த துணி, கோழி, வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சியது. ஜெபம் முடிந்ததும், வழக்கப்படி வீட்டுக்குப் பெரியவர் முதல் வாய் குடித்தார். முகம் ஒரு பக்கம் கோணி, மெல்ல நேரானது.

"நல்ல தண்ணி," என்றார்.

பெரியவர் சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? சொம்பு கைமாறியது. "இளநி தோத்துப்போச்சு மாமா," என்றார் பாளையம்பட்டியிலிருந்து வந்திருந்த அவர் தங்கை மகன். என் வீட்டுக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏத்தா, எல்லாருக்கும் இந்தத் தண்ணியிலயே டீ போடு," என்றார் மாமனார்.

தேயிலை கொதித்ததும் பாலை ஊற்றினேன். ஊற்றிய மாத்திரத்தில் திரிந்தது. வேறு நாளாக இருந்தால் கீழே கொட்டியிருப்பேன். அன்று கட்டியும் தண்ணீருமாக அப்படியே டம்ளர்களில் ஊற்றி, முதல் டம்ளரை மாமனாரிடமே நீட்டினேன்.

உள்ளே எட்டிப் பார்த்தார். "பாலு கெட்டுப்போச்சு போல."

எங்கள் மாடு வற்றியிருந்ததால் பால் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். "இப்பக் கறந்த பாலு பெரியப்பா. என் மாட்டக் குத்தஞ் சொல்லாதீக."

மாமனார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் முட்டியது.

"மாட்டுக்கு ஆகும்," என்றார் கடைசியில். "நமக்கு ஆகாதுத்தா. கேன்காரன வரச் சொல்லிரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கு அப்பவே கரிச்சுச்சு மாமா," என்றார் இளநீர் என்று சொன்னவர்.

"எனக்குந்தாம்லே," என்றார் மாமனார்.